மாடிப்படியில் மூன்றாவது சுவிட்ச்

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. ‘பாத்துக்கலாமுங்க’ என்பார்கள். வெளியூரிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்களுக்கு இது விளங்கவே கொஞ்ச காலம் ஆகும். பெண் கேட்டுப் போனவருக்கும் பாத்துக்கலாமுங்க, வண்டித்தடத்துக்கு இடம் கேட்டுப் போனவருக்கும் பாத்துக்கலாமுங்க. காப்பி கொடுப்பார்கள், வாசல் வரை வருவார்கள், நாம் செருப்பை மாட்டும் வரை நின்று குடும்பத்தை எல்லாம் விசாரிப்பார்கள். பாதி வழியில்தான் நமக்கு உறைக்கும், காரியம் நடக்காது என்று. இந்த மரியாதையைப் பற்றி நாங்கள் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வோம். நானும் அடித்துக்கொண்டவன்தான். என் தங்கை மகள் விஷயத்தில் அது செய்த வேலையைப் பார்த்த பிறகு, யாராவது அந்தப் பெருமையைப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறேன்.

எனக்கு ஆர்.எஸ்.புரத்தில் எலக்ட்ரிக்கல் கடை. பல்பு, ஃபேன், சுவிட்ச், ஒயர் எல்லாம் உண்டு. வீடு அதே தெருவில் நாலு வீடு தள்ளி. தங்கையை அவிநாசியில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை அங்கே பனியன் கம்பெனி நடத்துகிறார். அவர்களுக்கு ஒரே பெண். எங்களுக்குக் குழந்தை இல்லை. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று ஐந்து வயதிலேயே அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சனிக்கிழமை பஸ் ஏற்றி அவிநாசிக்குக் கூட்டிப் போவேன், ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு கூட்டி வருவேன். என் மனைவி அந்த ஒரு ராத்திரிக்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது என்பாள்.

வெறிச்சென்றுதான் இருக்கும். அந்தப் பிள்ளை இருந்தால் கேள்வி ஓயாது. ஃபேனை நிறுத்திய பிறகும் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கரண்டு கம்பியில் உட்காரும் காக்காய்க்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை, ஓடும் பஸ்ஸில் மேலே எம்பிக் குதித்தால் ஏன் அதே இடத்தில் விழுகிறோம். பஸ்ஸில் குதித்தே பார்த்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்து உட்கார்ந்தாலும் விடமாட்டாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே, ‘கண்ணு, சித்த நேரம் பொட்டாட்ட இரு’ என்பார்கள். சத்தமில்லாமல் இரு என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவள் பிறந்ததிலிருந்து அதிகம் கேட்ட வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் நடுவில் இருக்கும் ஒரே விளக்கு எரியும், எதைத் தட்டினாலும் அணையும். எல்லா மாடி வீட்டிலும் இருப்பதுதான், யாரும் யோசிப்பதில்லை. அவள் மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது, நடுப்படியில் உட்கார்ந்திருப்பவர் விளக்குப் போட வேண்டுமென்றால் என்ன செய்வார் என்று கேட்டாள். எழுந்து போய்ப் போடுவார் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தவள் கல்லா மேஜையில் ஒயர்த் துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். வாடிக்கையாளர் யாரையும் கிட்டே விடவில்லை. கடைசியில் நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, நடுவுல ஒரு சுவிட்ச் வெச்சு, ரெண்டு ஒயரையும் குறுக்க மாத்தி மாத்தி விட்டாப் போதுமுங்க. எங்கிருந்து வேணும்னாலும் போடலாம்.”

எனக்குக் கை நின்றுவிட்டது. அப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறது. என் கடையிலேயே பெட்டி பெட்டியாக இருந்தது. பாலிடெக்னிக்கில் எனக்கு அதைப் படம் போட்டு விளக்கினார்கள், அப்படியும் எனக்குப் புரியவில்லை. மனப்பாடம் செய்து பாஸானேன். எடுத்துக் காட்டியபோது, யாரோ தனக்கு முன்னாலேயே செய்துவிட்டார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. அந்த வாரமே நடுப்படியில் அதை மாட்டினோம். இன்னும் இருக்கிறது.

இந்தப் பிள்ளைக்குத் தன் பெயரை எழுத வராது. நான்காவது வகுப்பிலும் வராது. எழுதினால் ஒரு எழுத்து காணாமல் போகும், ஒன்று திரும்பி நிற்கும், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ‘கெ’ என்று சொல்லும்போது ‘க’தானே முதலில் வருகிறது, எழுதும்போது மட்டும் ஏன் கொம்பு முதலில் வருகிறது என்று தமிழ் டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. எனக்கு இன்றைக்கு வரை பதில் தெரியாது. டீச்சருக்கும் தெரிந்திருக்காது, பொட்டாட்ட உட்காரச் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால் இரண்டு மூன்று வருடம் அவள் நன்றாக வாசிக்கிறாள் என்றே நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். புத்தகத்தை மடியில் வைத்து, விரலை ஓட்டி, பக்கத்தைத் திருப்பி, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். ஒருநாள் புத்தகத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே மறைந்திருந்த பக்கத்தில் இருப்பதை எல்லாம் அவள் அப்படியே வாசித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவிதான் அதைக் கவனித்தாள். வகுப்பில் ஒருமுறை கேட்டதை முழுதாக மனதில் வைத்துக்கொண்டு, எந்த வரியில் தாளைத் திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தை எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஏமாற்றுவதற்கே எவ்வளவு மூளை வேண்டும் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஏதாவது சொன்னார்களா என்றால், சொன்னார்கள். வருடா வருடம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். நல்ல பிள்ளைங்க, சூட்டிகையான பிள்ளைங்க, இன்னும் கொஞ்சம் எழுதிப் பழகினால் போதுமுங்க, தப்பாக நினைத்துக்கொள்ளாதீங்க. இத்தனை ‘ங்க’வுக்கு நடுவில், இந்தக் குழந்தைக்கு வாசிக்கவே வரவில்லை என்ற ஒரு வாக்கியத்தை ஒருவரும் சொல்லவில்லை. மனம் நோகக் கூடாது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். நாங்களும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பக்கம் பக்கமாக எழுதவைத்தோம். அவள் எழுதுவாள், அழுவாள், அழித்து மறுபடி எழுதுவாள். தாள் கிழியும்.

எழுத்து வழியாகப் போகாதது காது வழியாகப் போகும் என்று கண்டுபிடித்தது அவளேதான். பாடத்தை வாசித்துச் சொல்லச் சொன்னாள். என் மனைவி அடுப்படியில் வாசிப்பாள், நான் கடையில் ஆள் இல்லாதபோது அறிவியல் பாடத்தை வாசித்து ஃபோனில் பதிந்து வைப்பேன். ராத்திரி அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். ஒருமுறை கேட்டால் போதும். பாடம் ஒப்பிக்கும்போது, ஒளிச்சேர்க்கைக்கு நடுவில், ‘அண்ணா, ரெண்டு ஒம்போது வாட்ஸ் பல்பு குடுங்க’ என்று வாடிக்கையாளர் குரலையும் அதே இடத்தில் சேர்த்துச் சொல்லுவாள். சொல்லிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்த வீட்டில் அப்படி ஒரு காலம் இருந்தது.

ஏழாவது படிக்கும்போது கணக்கு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பரீட்சையில் அவள் எல்லாக் கணக்குக்கும் சரியான விடை எழுதியிருந்தாள், வழி எதுவும் எழுதவில்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருப்பாளோ என்று ஒரு சந்தேகமுங்க, தப்பாக நினைக்காதீங்க என்றார். பக்கத்துப் பிள்ளைக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். டீச்சர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு அதை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையிடம் போய், அவர் முன்னாலேயே, இப்போது இவளை வாயால் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். கேள்வியை முடிக்கும் முன்னால் விடை வந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி வந்தது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திருட்டுப் பட்டத்தோடு நின்றுகொண்டே சொன்னாள்.

“சரியாத்தானுங்க சொல்லுது,” என்றார் கணக்கு டீச்சர். “ஆனா வாயில சொல்றதுக்கு மார்க் போட எடமில்லீங்களே.”

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய தாளில் உண்மையிலேயே இடமில்லை. தலைமை ஆசிரியைதான் கேட் வரை என்னோடு நடந்து வந்து, நல்ல ஒரு உளவியலாளர் இருக்கிறார், ஒருதரம் காட்டுங்க என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். கெட்ட நோயைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஆனாலும் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அந்த உளவியலாளர் அம்மாவின் கிளினிக் எங்கள் பக்கத்திலேயே, ஒரு நகைக்கடை மாடியில் இருந்தது. கடைக்குப் போகும் வழியில் தினமும் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறேன். சில நாள் கூட்டிப்போனோம். கட்டைகளை அடுக்கவைத்தார், படங்களை வரிசைப்படுத்தவைத்தார், வாசிக்கவைத்தார், எழுதவைத்தார். கடைசி நாள் என்னையும் மனைவியையும் உட்காரவைத்து எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொன்னார்.

“ரெண்டும் இருக்குதுங்க இந்தக் கொழந்தைக்கு. யோசிக்கிறதுல வயசுக்கு ரொம்ப மேல நிக்குது. எழுத்தை வாசிக்கறதுலயும் எழுதறதுலயும் மட்டும் தடங்கல், பொறப்புலயே இருக்கறது. சோம்பேறித்தனம் இல்லீங்க. புத்தி தடங்கலை மறைச்சுருது, தடங்கல் புத்தியை மறைச்சுருது. பாக்கறவங்களுக்கு ரெண்டுமே தெரியாம, சுமாராப் படிக்கிற புள்ளைன்னு தோணும்.”

ஒரு வயல்காட்டில் ஒரு பெரிய மேடும் ஒரு ஆழமான குழியும் இருக்க, மேட்டையும் குழியையும் கூட்டிச் சமமான நிலம் என்று நாங்கள் அத்தனை வருடம் உழுதுகொண்டிருந்திருக்கிறோம். எனக்கு அப்படித்தான் புரிந்தது. என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். கிழிந்த தாள்கள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

வழி இருக்கிறது என்றும் அந்த அம்மா சொன்னார். ஒரு சான்றிதழ் வாங்கினால் பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவார்கள், கூடுதல் நேரம் தருவார்கள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். வாரம் இரண்டு நாள் தனிப் பயிற்சிக்கு வரட்டும். அவளுடைய மூளைக்குத் தீனி போடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், எழுத்து வரட்டும் அப்புறம் மற்றது என்று காத்திருக்காதீர்கள், குழந்தை உள்ளுக்குள் வாடிப்போய்விடும் என்றார். மாடிப்படி சுவிட்ச் கதையை அவள் அவரிடமும் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அந்த அம்மா முகத்தில் எழுந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. படி இறங்கும்போது, “அப்ப நான் மக்கு இல்லீங்களா மாமா?” என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இல்லை கண்ணு என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினேன்.

சான்றிதழுக்கு அப்பா அம்மா கையெழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவிநாசி போனோம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து, வாங்க மச்சான் என்று கூப்பிட்டு, இலை போட்டுச் சோறு போட்டார். சாப்பிட்ட பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தம்மா எழுதிக் கொடுத்ததையும் வாங்கிப் பார்த்தார். பிறகு, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரிங்க மச்சான் என்றார். என் மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை, ஏனென்றால் நான் இந்த ஊர்க்காரன். எதிர்பார்த்தபடியே வந்தது.

“கையெழுத்துத்தானுங்களே, பாத்துக்கலாமுங்க.”

எதற்குப் பயந்தார் என்பது அடுப்படியில் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள். “பொட்டப்புள்ளைங்ணா. கொறைன்னு ஒருதரம் எழுதிக் குடுத்துப்போட்டா அழிக்க முடியுமாங்ணா? நாளைக்கு விசாரிக்க வாரவங்க காதுல விழுந்தா ஆருங்ணா கட்டுவாங்க?”

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும் முன் விசாரிப்பது ஒரு பெரிய வேலை. ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது. பெண் இருக்கும் தெருவுக்கு வந்து, ஏதோ சாமான் வாங்குவது போலக் கடையில் நிற்பார்கள். பால் ஊற்றுபவரைக் கேட்பார்கள், இஸ்திரி போடுபவரைக் கேட்பார்கள், படித்த பள்ளிக்கூடத்தில் தெரிந்தவர் இருந்தால் அங்கேயும் கேட்பார்கள். என் கடையிலேயே எத்தனையோ பேர் ஒரு பல்பை வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டுப் பெண் எப்படி என்று ஆரம்பித்திருக்கிறார்கள். நானும் கலெக்டர் மாதிரி நற்சான்று வழங்கியிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதால், எங்கள் பெற்றோர் பிள்ளையின் வாயை மூடுகிறார்கள். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் பரீட்சையை, இன்னும் பத்து வருடம் கழித்து எங்கிருந்தோ வரப்போகிற ஒரு ஜோடி விசாரிப்புக்காரர்கள் தீர்மானித்தார்கள். இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் செய்வார்கள்.

நான் விட்டுவிடவில்லை. அடுத்த ஞாயிறும் பேசினேன், அதற்கடுத்த ஞாயிறும் பேசினேன். ஒருமுறை குரலை உயர்த்தியும் பேசிவிட்டேன். மாப்பிள்ளை அப்போதும் குரலை உயர்த்தவில்லை. மச்சானுக்கு மோர் கொண்டா என்றார். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் பெரிய ஆள். காது குத்த மாமன் மடி வேண்டும், பெரியவளானால் மாமன் சீர் வேண்டும், கல்யாணத்தில் மாமன் வராமல் ஒன்றும் நகராது. ஆனால் பிள்ளையை எப்படிப் படிக்கவைப்பது என்பதில் மாமனுக்கு ஒரு காலணா உரிமை கிடையாது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அந்த மரியாதையும் இருந்தது.

அந்த அறிக்கையில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரி என்று அந்தம்மாவே எழுதிவிட்டார்களே, அப்படியானால் எழுத்து என்ன பெரிய காரியம், கட்டுத்திட்டமான இடத்தில் போட்டால் தானாக வந்துவிட்டுப் போகிறது. ஈரோட்டைத் தாண்டி ஒரு விடுதிப் பள்ளி. அங்கே போன பிள்ளைகள் எல்லாம் மார்க்கோடு திரும்பி வந்ததைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சான்றிதழுக்குக் கையெழுத்து வராமலே நாள் ஓடியது, ஒன்பதாம் வகுப்புக்கு அவளை அங்கே சேர்த்தார்கள். சேர்த்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து அவள் பெட்டியை எடுத்துப் போன அன்று, நடுப்படியில் உட்கார்ந்துகொண்டு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அவளுடைய துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள்.

விடுதியில் ஃபோன் கூடாது. என் குரலில் பதிந்த பாடங்கள் எல்லாம் என்னிடமே நின்றுவிட்டன. யாராவது வாசித்துச் சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்று பக்கத்துக் கட்டில் பிள்ளையைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையும் பாவம், வாசித்திருக்கிறது. படிக்கும் கூடத்தில் சத்தம் கூடாது என்று இருவரையும் நிறுத்திவிட்டார்கள். மார்க் குறைந்தால் அதே பரீட்சையை மறுபடி எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் தூங்கப் போன பிறகும் எழுத வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். இங்கே நிஜச் சுரைக்காயை வைத்துக்கொண்டு, ஏட்டில் இல்லையே என்று அடித்தார்கள். அடித்தார்கள் என்பது பேச்சுக்குச் சொல்கிறேன். கை வைக்கவில்லை. எழுதத்தான் சொன்னார்கள்.

மாதம் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள். முதல் முறை போனபோது, வளாகத்து வேப்பமரங்களுக்குக் கீழே குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, தூக்குப்போசியைத் திறந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பது எப்படி என்று கேட்டாள், தானே சொல்லவும் செய்தாள். தேவலாம், பிள்ளை தாக்குப்பிடிக்கிறது என்று சந்தோஷமாகத் திரும்பினோம். பிறகு போகப் போகக் கேள்வி குறைந்தது. ஒருநாள், என்ன கண்ணு புதுசா ஒன்றும் இல்லையா என்று நானாகவே கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க மாமா,” என்று சொல்லிவிட்டு, தயிர்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மெலிந்திருந்தால் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போடலாம். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டலாம். ஒரு பிள்ளை கேள்வி கேட்கவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது? பள்ளி அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். இப்போதுதானுங்க பக்குவம் வந்திருக்கிறது என்றார்கள். கூட வந்திருந்த தங்கை திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் தெரியும். அவளும் அந்த வீட்டில் பொட்டாட்ட இருந்து பழகியவள்தான்.

பத்தாவது பாஸ், பன்னிரண்டாவது பாஸ். நல்ல மார்க் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஸ்வீட் பெட்டியோடு வந்தார். பார்த்தீங்களா மச்சான், வந்துருச்சுங்களே என்றார். எழுத்து வந்துவிட்டது, உண்மைதான். தாளில் வரிவரியாக எல்லாம் இருந்தது. அதற்குப் பதிலாக என்ன போனது என்பதுதான் அந்தத் தாளில் இல்லை. ஸ்வீட்டை வாங்கிக்கொண்டேன்.

அவள் கோவையிலேயே ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்து, மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. நானும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்: பழைய வீடு, பழைய கடை, கொஞ்ச நாளில் பிள்ளை பழையபடி ஆகிவிடும். அந்தச் சமயத்தில் கடைக்கு ஒரு பெரிய தொங்குவிளக்கு வந்தது. வளைவு வளைவாகக் கைகள், கண்ணாடி, சங்கிலி எல்லாம் தனித்தனியாக அட்டைப் பெட்டியில். சின்ன வயதில் இப்படி ஒன்று வந்தபோது என் ஆட்கள் இருவர் காலையிலிருந்து திணறிக்கொண்டிருந்ததை, அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, துண்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, ‘இது உள்ள, அது மேல, இது கடைசி’ என்று காட்டியிருக்கிறாள். கூட இருந்த குறிப்புத் தாளை அவள் தொடவே இல்லை. தொட்டுத்தான் என்ன செய்வாள்?

அதே ஆசையில் பெட்டியைப் பிரித்துத் துண்டுகளைத் தரையில் பரப்பிவிட்டு, வா கண்ணு, இதைப் பார் என்று கூப்பிட்டேன். வந்தாள். துண்டுகளைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, அந்தக் குறிப்புத் தாளை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து மடியில் விரித்து, முதல் வரியின் கீழ் விரலை வைத்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். நெற்றியில் வேர்த்தது. எவ்வளவோ நேரம் ஆனது. தாளை விட்டுட்டு சும்மா பார் கண்ணு, உனக்கே தெரியும் என்றேன்.

“இல்லீங்க மாமா. இதுல எப்படிப் போட்டிருக்குதோ அப்படித்தானுங்க செய்யோணும்.”

நான் உள்ளே குடோனுக்குப் போய்விட்டேன். அடுக்கி வைத்திருந்த ஒயர்ச் சுருள்களுக்கு நடுவில் நின்று அழுதேன். இந்த வயதில் அப்படி அழுதது அம்மா செத்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான். குழியை மேடாக்குகிறோம் என்று சொல்லி, மேட்டை வெட்டிக் குழியில் கொட்டியிருக்கிறார்கள். இப்போது உண்மையிலேயே சமமாகிவிட்டது.

படிப்பு முடிந்து அவிநாசிக்குப் போனாள். அப்பாவின் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். தப்பே வருவதில்லையாம், ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறாளாம். மகளைப் பற்றி மாப்பிள்ளை சந்தோஷமாகப் பேசுகிறார். அவர் மேல் கோபப்படவும் எனக்கு இப்போது தெம்பில்லை. மகள் மேல் ஒருநாளும் கை ஓங்கியவரில்லை, அவளுக்குக் காய்ச்சல் என்றால் தூங்காதவர். அவரிடம் யாராவது முகத்துக்கு நேரே முரட்டுத்தனமாகச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் யாரும் அப்படி வளரவில்லை.

போன மாதம் கடைக்குச் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அறுபதை ஒட்டிய வயது. இரண்டு பல்பு கேட்டார்கள். சத்தியமங்கலத்தில் கிடைக்காத பல்பா என்று நினைக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பல்பை எரியவிட்டுக் காட்டினேன். அந்தப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவிநாசிப் பனியன் கம்பெனிக்காரரின் பெண் இந்தத் தெருவில்தான் மாமன் வீட்டில் வளர்ந்ததாமே, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்த மாமன் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. ஏனோ சொல்லத் தோன்றவில்லை. பார்த்திருக்கிறேன், நல்ல பெண் என்றேன்.

அந்த அம்மா கல்லா மேஜைக்குக் கிட்டே வந்தார். அவள் ஒயர்த் துண்டுகளைப் பரப்பிய அதே மேஜை. “தப்பா நெனைக்காதீங்க. புள்ள எதுத்துக் கேள்வி கேக்கற மாதிரி இருக்குமுங்களா? எங்களுது பெரிய குடும்பமுங்க, பொட்டாட்ட இருக்கற புள்ளையா இருந்தாத்தான் சரிப்படும்.”

என் நாக்கு நுனி வரை எல்லாம் வந்தது. காக்காய், பஸ், சுவிட்ச், எல்லாம். சொன்னால் இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், பழி அவள் தலையில்தான் விழும்.

“இப்ப ஒண்ணும் கேக்கறதில்லீங்கம்மா,” என்றேன். “அப்படி ஆக்கறதுக்கு அவங்க ஊட்டுல எல்லாரும் ரொம்பப் பாடுபட்டாங்க.”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. வளர்ப்பென்றால் அப்படித்தானே இருக்கோணுமுங்க என்று கணவரைப் பார்த்தார். இருவரும் கும்பிட்டுவிட்டு, பல்பை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தங்கை ஃபோன் செய்தாள். குரலில் வெகுநாளைக்கு அப்புறம் ஒரு துள்ளல். சத்தியமங்கலத்துக்காரர்களுக்கு முழுத் திருப்தியாம். நம் தெருவிலேயே விசாரித்தார்களாம். யாரோ ஒரு கடைக்காரர், கேள்வியே கேட்காத பிள்ளை, வீட்டில் அவ்வளவு பாடுபட்டு வளர்த்திருக்கிறார்கள் என்று சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையில்தான் முடிவு பண்ணினார்களாம்.

“ஆருன்னு தெரியலீங்ணா,” என்றாள். “அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கோணும்.”